எஜமானும் சிநேகிதரும்: அசரியாவின் கையில் அதிகாரம்

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் 1,200 பேருக்கு மேல். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர் அளவில்தான். ஒரு மாலைக் கூட்டத்தில் பேச எழுந்தவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வயது 35. குருப்பட்டம் பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்நிய ஊழியரும் சுதேச ஊழியரும் ஒத்துழைப்பதில் உள்ள சிக்கலைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள்.

மிஷனெரிமாருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்திய ஊழியருக்கும் ஐரோப்பிய மிஷனெரிக்கும் உள்ள உறவு இருக்கவேண்டிய விதத்தில் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மிஷனெரி சம்பளம் கொடுக்கிறவர், இந்திய ஊழியன் அவருடைய வேலைக்காரன், இதுதான் நடைமுறை என்றார். தென்னிந்தியாவில் கீழ்நிலை ஊழியர்கள் மிஷனெரியைக் கூப்பிடும் சொல்லே "எஜமான்" என்று, அந்தச் சொல்லை அப்படியே அரங்கில் எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து பார்ப்பதும் கைகுலுக்குவதும் நாற்காலி போடுவதும் சாப்பாட்டுக்கு அழைப்பதும் அவற்றுக்காகவே தமக்கு வேண்டாம் என்றார். ஆனால் சிநேகத்தின் வெளிப்பாடாக வருமானால் அவை எல்லாமே வேண்டும், அவற்றுக்கு மேலும் வேண்டும் என்றார். கடைசியில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை எடுத்து அவர்கள் முன் வைத்தார். ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தைக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்று முடித்தார்.

அரங்கில் பலருக்கு அது கசந்தது. நன்றிகெட்ட பேச்சு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

கிறிஸ்தவத் தலைமையைப் பற்றிப் பேசும்போது இந்த நிகழ்வையே நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர், பணத்துக்கு ஊழியம் செய்தவர்களும் அல்லர். சொந்த ஊரை விட்டு, காலராவிலும் காய்ச்சலிலும் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, பஞ்சக் காலத்தில் கஞ்சி ஊற்றி, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய ஒரு தலைமுறையின் ஆட்கள் அவர்கள். சேவை அவர்களிடம் குறைவுபட்டதில்லை. அசரியாவும் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை சேவைக்கு நடுவிலும் எஜமான் எஜமானாகவே இருக்கிறார் என்பதுதான் அவர் சொன்னது. நம்முடைய பிரசங்கங்களில் "பணிவிடைத் தலைமை" என்று சுலபமாகச் சொல்லிக் கடந்துபோகிறோமே, அதன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சேவை செய்கிறவர் அதிகாரத்தை விட்டுவிட்டார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பல வேளைகளில் சேவையே அதிகாரத்துக்கு மிக வலுவான கால்.

வேதம் சொல்வது

செபெதேயுவின் குமாரர் இருவரும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டபோது இயேசு சொன்ன பதில் எல்லாருக்கும் தெரியும். புறஜாதியாரின் அதிகாரிகள் அவர்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது, உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்" (மாற்கு 10:43). இதைத் தனியாக எடுத்தால், தாழ்மையாக நடந்துகொள், நிறைய வேலை செய் என்ற அறிவுரையாக அது சுருங்கிவிடும். சுருக்கித்தான் வைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் "ஊழியம்" என்பது திருவிதாங்கூரில் கூலியில்லாமல் வாங்கப்பட்ட கட்டாய வேலையின் பெயர். நம் முன்னோர் பலர் அதைச் செய்து முதுகு ஒடிந்தவர்கள். இன்று "ஊழியக்காரர்" என்பது எழுந்து நின்று வரவேற்கவேண்டிய ஒரு மரியாதைப் பட்டம். சொல் மேலே ஏறியது, அதோடு ஆளும் ஏறிவிட்டார்.

யோவான் சுவிசேஷத்தில் அந்தக் கடைசி இராத்திரியை வரிசையாக வாசிக்கவேண்டும். 13ஆம் அதிகாரத்தில் கால்களைக் கழுவுகிறார். அதோடு நிற்கவில்லை. 15ஆம் அதிகாரத்தில், "இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை, ஊழியக்காரன் தன் எஜமான் செய்கிறதை அறியமாட்டான். நான் உங்களைச் சிநேகிதர் என்றேன், ஏனெனில் என் பிதாவினிடத்தில் நான் கேள்விப்பட்ட எல்லாவற்றையும் உங்களுக்கு அறிவித்தேன்" என்கிறார். எடின்பரோவில் ஒலித்த இரண்டு சொற்களும் தமிழ் வேதாகமத்தில் இந்த ஒரே வசனத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எஜமானுக்கும் சிநேகிதனுக்கும் இங்கே சொல்லப்படும் வித்தியாசம் என்ன? எஜமான் தான் செய்வதை ஒளித்து வைப்பான், சிநேகிதன் சொல்லிவிடுவான். கணக்குப் புத்தகமும், தீர்மானத்தின் காரணமும், அடுத்து யார் வருகிறார் என்பதும் யாருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். காலைக் கழுவி முடித்த கை அடுத்ததாக எதைத் திறந்து காட்டுகிறது என்பதில் பணிவிடைத் தலைமை நிற்கிறது அல்லது விழுகிறது.

அசரியா வந்த வழி

அசரியா 1874இல் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். மெஞ்ஞானபுரத்தில் விடுதிப் படிப்பு, பிறகு திருநெல்வேலி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. தேர்வுச் சமயத்தில் நோய் வந்து பி.ஏ. பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராகி ஊர் ஊராகச் சுற்றினார். அங்கேதான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கரோடு ஆழ்ந்த நட்பு உண்டானது. எடி தமிழ் கற்றுக்கொண்டவர். வெள்ளைக்காரர் ஒருவர் சிநேகிதராக இருக்க முடியும் என்பதை அசரியா அனுபவித்து அறிந்திருந்தார். ஆகையால் எடின்பரோவில் அவர் கேட்டது நடக்காத காரியம் அல்ல, நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கேயுள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் ஊழியரை வெளியே அனுப்புவதைக் கண்டதும், திருநெல்வேலிச் சபை இத்தனை பெரிதாக இருந்தும் ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற துக்கம் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தெலுங்கு மண்ணுக்கு அதன் முதல் மிஷனெரியாகப் போனவர் சாமுவேல் பாக்கியநாதன். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அசரியா முன்னே நின்றார்.

இந்தக் கொள்கையில் "பணம்" என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் அதிகாரம் இருக்கும் என்பதை அசரியா இளவயதிலேயே புரிந்துகொண்டார். எடின்பரோவில் அவர் அன்பைக் கேட்டார் என்று மட்டும் சொல்லுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஏழாண்டுக்கு முன்பே, பிடியரிசியும் காணிக்கையும் சேர்த்து, அடுத்தவர் சம்பளம் இல்லாமல் ஒரு மிஷனை நடத்திக் காட்டிவிட்டுத்தான் அவர் அந்த மேடையில் ஏறினார்.

ஒயிட்ஹெட் விட்டுக்கொடுத்தது

இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஆள் ஹென்றி ஒயிட்ஹெட். 1899 முதல் 1922 வரை சென்னை அத்தியட்சர், அதாவது பிஷப். கணிதமும் தத்துவமும் எழுதிய ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட்டின் அண்ணன். நிஜாம் ஆட்சிப் பகுதியும் அவர் பொறுப்பில் இருந்தது. அதிலிருந்து தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதியைப் பிரித்து இந்தியர் ஒருவர் கையில் கொடுக்கவேண்டும், அவர் அசரியாவாக இருக்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர் இவர்.

எதிர்ப்பு பல பக்கத்திலிருந்தும் வந்தது. வெள்ளைக்காரக் குருமார் ஓர் இந்தியர் கீழ் எப்படி வேலை செய்வார்கள் என்றார்கள். அரசுச் சட்டத்தோடு பின்னிக்கிடந்த ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) அமைப்பில் இதற்கு இடமே இல்லை என்றார்கள். எதிர்த்து எழுதினவர்களில் இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், திருநெல்வேலியிலேயே இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் ஆள் ஒருவர் மேலே போகிறார் என்றால் முதலில் அவருடைய சாதியைக் கணக்குப் பார்க்கும் வழக்கம் அன்றும் இருந்தது.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா பரி. பவுல் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராகப் பிரதிஷ்டை செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. தொடக்கத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது சிறிய பகுதிதான். 1920களின் தொடக்கத்தில் தெலுங்குப் பகுதியின் மற்ற மிஷன் வட்டாரங்களும் தோர்ணக்கலோடு சேர்ந்தபோது, ஐரோப்பிய மிஷனெரிகள் பலர் அவருடைய அதிகாரத்துக்குக் கீழே வந்தார்கள். எது நடக்காது என்றார்களோ அது நடந்தது.

எடின்பரோப் பேச்சைவிட ஒயிட்ஹெட்டின் செய்கையில் நான் அதிக நேரம் நிற்பேன். பேச்சு, இல்லாதவரின் பக்கத்திலிருந்து வந்தது. இருக்கிறவர் என்ன செய்யவேண்டும் என்பதற்கு ஒயிட்ஹெட் விடை. அவர் அசரியாவுக்கு விருந்து வைத்துத் தோளில் தட்டிக்கொடுத்திருந்தால் போதும், "இந்தியரை நேசிக்கும் அத்தியட்சர்" என்ற பெயர் கிடைத்திருக்கும். அவர் எல்லைக்கோட்டையே மாற்றினார். தம் கையெழுத்து இனி அங்கே செல்லாது என்ற நிலையைத் தாமே உண்டாக்கினார். அதிகாரத்தை அதிகாரமாகவே பயன்படுத்தி, கடிதம் எழுதி, வாதாடி, சட்டச் சிக்கலை அவிழ்த்துக் கைமாற்றினார். பணிவிடை என்றால் அதிகாரமே வேண்டாம் என்று ஒதுங்குவது என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்க்கவேண்டும். ஒயிட்ஹெட் ஒதுங்கியிருந்தால் அசரியா ஒய்.எம்.சி.ஏ.வின் பழைய செயலர்களில் ஒருவராகவே முடிந்திருப்பார்.

தோர்ணக்கலில்

இனி கேள்வி அசரியாவின் பக்கம் திரும்புகிறது. எஜமான் வேண்டாம் என்றவர் கையில் இப்போது செங்கோல் இருக்கிறது. அவர் கீழே இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். வயல் கூலிகள், தோல் வேலை செய்பவர்கள், ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள். அவர் தமிழர், அவர்கள் தெலுங்கர். அவர் படித்தவர், அவர்களில் மிகப் பலருக்கு எழுத்து தெரியாது. எடின்பரோவில் அவர் சுட்டிக்காட்டிய அந்த இடைவெளி அப்படியே இங்கே இருந்தது. பெரிய பக்கத்தில் நிற்பது இப்போது அவர்.

தெலுங்கு கற்றார். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார், கூடாரத்தில் தங்கினார். இவையெல்லாம் நல்ல மிஷனெரிகளும் செய்தவைதான். அசரியாவிடம் வேறாக இருந்தது எது என்று கேட்டால், சபை மக்களிடம் அவர் செய்துவந்த ஒரு காரியத்தைச் சொல்வேன். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொல்லுவார். "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று அவர்களையே சொல்லவைப்பார். பவுல் தம்மைப் பற்றி எழுதின வசனம் அது. அதை ஒரு கூலிக்காரப் பெண்ணின் வாயில் வைத்தார். அத்தியட்சரின் கை அல்ல, அவள் தலைமேல் அவள் கையே இருக்கிறது! எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் அப்போஸ்தலனின் பொறுப்பைக் கொடுக்கிற ஒரு தலைமை அது. தோர்ணக்கலின் வளர்ச்சிக்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். 1941இல் அந்த அத்தியட்சாதீனத்தில் ஏறக்குறைய 2,25,000 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சுவிசேஷத்தைப் பெரும்பாலும் எடுத்துப் போனவர்கள் சம்பளம் வாங்காத சாதாரணச் சபை மக்கள்.

கிராமச் சபைகளிடமிருந்து காணிக்கை கேட்பதில் அவர் தயங்கவில்லை. தானியமாகவும் கோழியாகவும் வந்தாலும் சரி. ஏழைகளிடம் கேட்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். கொடுக்கிறவனுக்குத்தான் கேட்கிற உரிமை உண்டு என்பதைப் பாளையங்கோட்டையில் கற்றவர் அவர். ஏழைகளை என்றென்றும் வாங்குகிறவர்களாகவே வைத்திருப்பதில் என்ன இரக்கம் இருக்கிறது?

1932இல் வகுப்புவாரித் தொகுதிகள் அறிவிக்கப்பட்டபோது, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றவர்களில் அவரும் ஒருவர். அவருடைய அத்தியட்சாதீனத்தில் சபையில் சேருவோர் தொகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தொகை அரசியல் பலமாக மாறினால் தமக்குத்தான் லாபம். அதை அவர் விரும்பவில்லை. சுவிசேஷம் அறிவிப்பது வாக்குச் சேர்ப்பதாக மாறிவிடும் என்று அஞ்சினார்.

மனைவி அன்பு மரியம்மாளைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்புக்குப் போன முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். தோர்ணக்கலில் பெண்கள் மத்தியில் நடந்த வேலை அவருடைய தோளில் இருந்தது.

எனக்கு உறுத்துகிற இரண்டு

அசரியாவைப் புகழ்ந்து முடித்துவிட்டால் இது ஆய்வாகாது, நினைவஞ்சலியாகிவிடும்.

தெலுங்குச் சபை மக்கள் அவரைக் கூப்பிட்ட பெயர் "தண்ட்ரிகாரு". தகப்பனார் என்று பொருள். அன்போடு கூப்பிட்ட பெயர் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் சிநேகிதரைத் தாருங்கள் என்று கேட்டவரைச் சிநேகிதர் என்று யாரும் கூப்பிடவில்லை. எஜமான் போனார், தகப்பனார் வந்தார். எஜமானைவிடத் தகப்பன் மேல் என்பது உண்மைதான். ஆனால் எஜமானை எதிர்த்துப் பேசுவதைவிடத் தகப்பனை எதிர்த்துப் பேசுவது நம் ஊரில் கடினம். "பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்" என்று மத்தேயு 23இல் இயேசு சொன்னது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. எங்கள் பக்கத்துச் சேகரக் (குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) கூட்டங்களில் நான் கண்டிருக்கிறேன். நல்ல குருவானவர், உண்மையாகவே ஜனங்களுக்காக உழைக்கிறவர், கணக்கில் ஒரு கேள்வி வந்ததும் முகம் வாடி, "உங்களுக்காக நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்" என்பார். கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவார். யாரும் யாரையும் அதட்டவில்லை. கேள்வி மட்டும் செத்துப்போயிற்று. அசரியா இப்படி நடந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தகப்பன் என்ற நாற்காலியில் இந்த வாய்ப்பு எப்போதும் இருக்கிறது என்று மட்டும் சொல்லுகிறேன்.

இரண்டாவது, அவருக்குப் பின் வந்தவர். 1945 ஜனவரி முதல் தேதி தோர்ணக்கலில் அசரியா காலமானார். 32 ஆண்டு அத்தியட்சர். அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் ஆந்தனி எலியட் என்ற ஆங்கிலேயர். 1935 முதல் அவருடைய உதவி அத்தியட்சராக இருந்தவர். ஓர் ஆங்கிலேயர் பத்தாண்டு ஓர் இந்தியரின் கீழ் உதவியாக வேலை செய்தார் என்பதே 1910இல் நினைத்துப் பார்க்க முடியாத காரியம், அது அசரியாவுக்கும் எலியட்டுக்கும் சேர்ந்த மேன்மை. ஆனால் 2 லட்சத்துக்கு மேற்பட்ட தெலுங்குக் கிறிஸ்தவர்கள், நூற்றுக்கணக்கில் தெலுங்குக் குருமார் இருந்த இடத்தில், அந்த மண்ணில் பிறந்த ஒருவர் அப்போது அத்தியட்சர் ஆகவில்லை. ஒயிட்ஹெட் தமக்கு வெளியே, தம் இனத்துக்கு வெளியே ஆளைத் தேடினார். அசரியாவும் குருமாரை உருவாக்கினார், ஆயிரக்கணக்கில் சபை மக்களை எழுப்பினார். மேல் நாற்காலியின் கைமாற்றம் மட்டும் அவர் காலத்தில் நடக்கவில்லை. திருநெல்வேலியின் கதையும் இதில் பெருமைப்படும்படி இல்லை. 1950களின் தொடக்கம் வரை அங்கே ஆங்கிலேயரே அத்தியட்சராக இருந்தார்கள்.

தரங்கம்பாடிக்குப் பிறகு

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 குருமார் கூடினார்கள், இருவர் தவிர மற்ற எல்லாரும் இந்தியர். அசரியா முன்னின்றார். தென்னிந்தியாவில் ஒரே திருச்சபை வேண்டும் என்ற அறிக்கை அங்கே பிறந்தது. பிறகு 28 ஆண்டுப் பேச்சுவார்த்தை. அதில் மிகக் கடினமான சிக்கல் அத்தியட்சர் பதவிதான். தென்னிந்திய ஐக்கிய சபையாரும் மெதடிஸ்தரும் அத்தியட்சர் என்றாலே அஞ்சினார்கள். தேர்ந்தெடுக்கப்படாத, கேள்வி கேட்க முடியாத ஒரு பிரபுவை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ளவேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். அதற்குக் கிடைத்த பதில், அத்தியட்சர் இருப்பார், ஆனால் அமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டிருப்பார், சபையார் தேர்ந்தெடுப்பதில் பங்கு பெறுவார்கள், மன்றத்தோடு சேர்ந்து ஆளுவார் என்பது. பேச்சுவார்த்தை மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குச் சட்டப் பிரிவுகள் ஒரு பக்கம், மாட்டுவண்டியில் வந்து கூடாரத்தில் தங்கும் ஓர் அத்தியட்சர் இன்னொரு பக்கம் கண்முன் இருந்தார்கள்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை பரி. ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியது. அதைக் காண அசரியா இல்லை. தோர்ணக்கலில், திராவிடத் தூண்களும் இஸ்லாமியக் கும்மட்டங்களும் சேர்த்து அவர் கட்டி 1939 ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டை செய்த பேராலயம் நின்றுகொண்டிருந்தது. தங்கள் தலைமேல் தங்கள் கையை வைத்து, "எனக்கு ஐயோ" என்று சொல்லிப் பழகிய சபை மக்கள் அங்கே இருந்தார்கள்.